தான் வேலை பார்த்த ஸ்டூடியோவையே கேலி செய்த பி. ரம்லி

ஹரி ராயா விடுமுறையில் தொலைக்காட்சியைத் திறந்தால் ஏதாவது ஒரு பி. ரம்லி படம் ஓடிக்கொண்டிருக்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். லயத்தில் ஒரு வீட்டில் மட்டும் பெட்டி இருந்த காலத்தில், வாசல்படியில் உட்கார்ந்து எட்டிப் பார்த்து, மலாய் வசனம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் சிரித்தவர்கள் நாம். அப்படிச் சிரித்த படங்களில் ஒன்று 'செனிமான் பூஜாங் லாப்போக்'. 1961இல் வெளிவந்தது. செனிமான் என்றால் கலைஞர். பூஜாங் லாப்போக் என்றால் வயது தாண்டியும் கல்யாணம் ஆகாத கட்டை பிரம்மச்சாரி.

சிறு வயதில் இதை மூன்று கோமாளிகளின் கூத்து என்றுதான் பார்த்தோம். வயதான பிறகு பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. ஒரு சினிமா கம்பெனி தன் சொந்தக் கூடத்தில், தன் சொந்தக் கேமராவை வைத்து, தன்னையே கேலி செய்துகொண்ட படம் இது. மலாய்த் திரையுலகின் பொற்காலம் என்று சொல்லப்படும் அந்த நாள்களின் உள்ளே நடந்ததை இவ்வளவு சிரிக்கச் சிரிக்கக் காட்டிய படம் வேறொன்று என் நினைவுக்கு வரவில்லை.

கதை எளிமையானது. ரம்லி, சூடின், அஜிஸ் என்று மூன்று நண்பர்கள். ஒரே அறையில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். சினிமாவில் நடிக்க ஆசைப்பட்டு, சிங்கப்பூர் பாலஸ்டியர் சாலையை ஒட்டிய ஜாலான் அம்பாஸில் இருந்த மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் ஸ்டூடியோவுக்குப் போகிறார்கள். அது கற்பனை ஸ்டூடியோ அல்ல. அந்தப் படத்தைத் தயாரித்த கம்பெனியே அதுதான். சாவ் சகோதரர்களுக்குச் சொந்தமானது.

வாசலிலேயே சிக்கல் தொடங்குகிறது. காவலுக்கு நிற்கும் 'பாய்' இவர்களை எளிதில் உள்ளே விடுவதாக இல்லை. நடிகனாக வேண்டும் என்று வந்து நிற்கும் மூவருக்கும் கேட்டில் நிற்கும் காவலாளிக்கும் இடையே நடக்கும் அந்த வாக்குவாதத்தை இன்றும் மலாய் நண்பர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். (சீக்கியக் காவலாளியை அப்படிக் கேலிப் பொருளாக்கியது இன்று பார்க்கும்போது நெருடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் காலத்துச் சிரிப்பு அப்படித்தான் இருந்தது. நம் மேடை நாடகங்களும் இதில் சளைத்தவை அல்ல.) ஆனால் அந்தக் காட்சியின் குத்தல் காவலாளியின் மேல் மட்டும் இல்லை. சினிமா என்னும் மாளிகைக்குள் நுழைய முதலில் யார் தயவு வேண்டியிருக்கிறது என்பதைத்தான் ரம்லி காட்டுகிறார்.

உள்ளே போனால் ஸ்டூடியோ நிர்வாகி. அவராக வருபவர் கெமாட் ஹசான். படத்திலும் அவர் பெயர் கெமாட்தான். இயக்குநராக வருபவர் அகமட் நிஸ்ஃபு. அவரும் தம் பெயரிலேயே வருகிறார். வில்லன் ஷரிஃப் டோலின் பெயர் ஷரிஃப். எஸ். ஷம்சுடின் சூடின் ஆகிறார்; அஜிஸ் சத்தார் அஜிஸாகவே இருக்கிறார். கதாநாயகி சலோமாவின் பாத்திரத்துக்கு சல்மா என்று பெயர். சலோமாவின் உண்மைப் பெயரே சல்மா இஸ்மாயில். படம் வெளிவந்த அதே ஆண்டில்தான் ரம்லிக்கும் அவருக்கும் திருமணம் நடந்தது. ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே அந்தத் தொழிற்சாலையைப் பற்றி நாடகம் போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இது.

தொழிற்சாலை என்று சும்மா சொல்லவில்லை. ஜாலான் அம்பாஸ் அப்படித்தான் இயங்கியது. நடிகர்கள், பாடகர்கள், கேமராக்காரர்கள் எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள். பலருக்குக் கம்பெனியே பக்கத்தில் பூன் டெக் சாலையில் குடியிருப்பு கொடுத்தது. வேலையும் வீடும் ஒரே முதலாளி கையில். தோட்டத்து மக்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை. படத்தை எடுப்பவர்களும் சாவ். அதைத் திரையிடும் கொட்டகைகளும் சாவ்.

இந்த இடத்தில் நம்மவர்கள் பலர் அறியாத ஒரு கதையையும் சொல்லவேண்டும். அந்த ஸ்டூடியோவில் தொடக்க காலத்தில் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பி.எஸ். ராஜ்ஹான்ஸ், எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன், கே.எம். பாஸ்கர், பி.என். ராவ், ஃபனி மஜும்தார் என்று பட்டியல் நீளும். பினாங்கில் பிறந்த ரம்லியை 1948இல் பாடகராகச் சிங்கப்பூருக்கு அழைத்தவர் ராஜ்ஹான்ஸ். 1950இல் 'பக்தி' படத்தில் அவரைக் கதாநாயகன் ஆக்கியவர் கிருஷ்ணன். பணம் சீனருடையது, கற்பனை இந்தியருடையது, உழைப்பு மலாய்க்காரருடையது என்று அந்தக் காலத்தை ஆய்வாளர்கள் சுருக்கிச் சொல்வதுண்டு.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. வந்த இயக்குநர்கள் பலருக்கு மலாய் சரளமாக வராது. கதையும் வசனமும் வேறு மொழியில் எழுதப்பட்டு, உதவியாளர்கள் மலாயில் பெயர்த்துக் கொடுப்பார்கள். நடிகர்களில் பலர் பங்சாவான் மேடையிலிருந்து வந்தவர்கள். நம் ஊர் நாடகக் கம்பெனிகளைப் போல ஊர் ஊராகச் சென்று பாட்டும் கூத்துமாக நடித்த மலாய் நாடக மரபு அது. மேடைக் குரல், நீட்டி முழக்கும் அரசவைப் பேச்சு, இந்தியப் படம்போல் நடுநடுவே பாட்டு என்று எல்லாம் கலந்து ஒரு வகைப் படம் உருவானது. மக்கள் அதை விரும்பிப் பார்த்தார்கள். ஆனால் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

ரம்லி கேலி செய்வது இதைத்தான். படத்தில் மூன்று நண்பர்களையும் பழங்கால உடையில் நிறுத்தி, அரசர் காலத்து வசனத்தைப் பேசச் சொல்கிறார்கள். வாய் குழறுகிறது. சொல் முன்னும் பின்னும் புரள்கிறது. மறுபடி எடுக்கிறார்கள், மறுபடியும் குழறுகிறது. இயக்குநர் பொறுமை இழக்கிறார். சிரித்து முடித்தபின் யோசித்தால், இதே ரம்லி ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1956இல், ஃபனி மஜும்தார் இயக்கிய 'ஹங் துவா'வில் அதே மாதிரி உடையில் மாவீரன் ஹங் துவாவாக நடித்தவர் என்பது நினைவுக்கு வரும். அவர் கிண்டல் செய்தது தன்னையும் சேர்த்துத்தான். அந்தக் கேலிக்கு அவருக்கு உரிமை இருந்தது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். 1961இல் அந்தக் கற்பனை இயக்குநரின் நாற்காலியில் இருப்பவர் மலாய்க்காரர். 1955இல் 'பெனாரெக் பெச்சா' மூலம் ரம்லியே இயக்குநர் ஆனார். அதற்குப் பிறகு நிலைமை மெல்ல மாறியது. நாற்காலி கை மாறியது உண்மைதான். ஆனால் கூச்சலும் அதட்டலும் மாறவில்லை என்று ரம்லி சொல்வதாகவே எனக்குப் படுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஸ்டூடியோவில் இல்லை, அவர்கள் குடியிருக்கும் வீட்டில் இருக்கிறது. மனப்பாடம் செய்யச் சொல்லி வசனத்தைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து படிக்க முடிந்தால்தானே? ஒருவர் டிரம்பெட் ஊதிப் பழகுகிறார். இன்னொருவர் மோட்டார் சைக்கிளைப் பழுது பார்க்கிறார். எங்கோ சண்டை. ஒரு சத்தம் அடங்கினால் அடுத்த சத்தம். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும் வீடுகளில் இருந்து பரீட்சைக்குப் படித்தவர்களுக்கு இது நகைச்சுவை மட்டும் இல்லை. மறுநாள் கேமரா முன்னால் ஒருவன் தடுமாறினால், அதற்கான காரணம் முந்தைய இரவு அந்த வீட்டில் இருக்கிறது. நட்சத்திரத்தின் பளபளப்பைப் பார்க்கும் யாருக்கும் அந்த அறை தெரியாது. பிறகு வில்லனால் அந்தக் குடியிருப்பே தீக்கு இரையாகிறது. அதுவரை சிரித்தவர்கள் அங்கே அடங்கிப் போவார்கள்.

இவ்வளவு தூரம் முதலாளியின் கூடத்திலேயே நின்று பேச ரம்லிக்கு எப்படித் துணிச்சல் வந்தது? படத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்ததைத் தெரிந்துகொண்டால் கொஞ்சம் விளங்கும். 1957இல் ஜாலான் அம்பாஸ் கலைஞர்களின் சங்கமான பெர்சாமாவுக்கும் நிர்வாகத்துக்கும் சம்பளப் பிரச்சினை முற்றியது. ஐந்து பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். மற்றவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். திரையில் அரசர்களாகவும் வீரர்களாகவும் நின்றவர்கள் ஸ்டூடியோ வாசலில் தொழிலாளர்களாக நின்றார்கள். சங்கத்தின் முன்னணியில் ரம்லி இருந்தார். அந்த வாசலை அவர் உள்ளேயிருந்தும் பார்த்தவர், வெளியேயிருந்தும் பார்த்தவர். கேட்டுக்கு வெளியே மூன்று பேரை நிறுத்திப் படத்தைத் தொடங்கலாம் என்று அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. படம் நேரடியாகச் சம்பளத்தைப் பற்றி எங்கும் முழங்கவில்லை. முழங்கியிருந்தால் முதலாளி வெளியே விட்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.

முதலாளிக்கும் இதில் கணக்கு இருந்தது. 1957இல் 'பூஜாங் லாப்போக்', 1959இல் 'பெண்டேக்கார் பூஜாங் லாப்போக்', பிறகு 'அலி பாபா பூஜாங் லாப்போக்' என்று இந்த மூவர் கூட்டணி ஏற்கெனவே மக்களிடம் நிலைபெற்றிருந்தது. கேலி யாரைப் பற்றியதாக இருந்தால் என்ன, டிக்கெட் விற்றால் சரி.

அந்தக் கணக்கு அதிக நாள் ஓடவில்லை. 1963இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தொலைக்காட்சி வந்தது. இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதல் அந்தப் பக்கத்துச் சந்தையை அடைத்தது. 1964இல் ரம்லி கோலாலம்பூரின் உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவுக்கு மாறினார். வசதிகள் குறைவான இடம் அது. பழைய கூட்டமும் கூட வரவில்லை. அங்கிருந்து அவர் எடுத்தவற்றில் 1968இல் வந்த 'கெரிமிஸ்' நாம் தேடிப் பார்க்கவேண்டிய படம். மலாய் ஓவியனுக்கும் லீலா என்ற இந்திய நடனப் பெண்ணுக்கும் இடையிலான காதல்; லீலாவாக நடித்தவர் சந்திரா சண்முகம். ஜாலான் அம்பாஸ் 1967இல் மூடப்பட்டது. ரம்லி 1973 மே 29இல், 44 வயதில் இறந்தார்.

காவலாளி மறித்து நின்ற அந்த வாசலையும், கம்பெனிக்காரர்கள் நடமாடிய கூடத்தையும், விளக்குகளையும் இன்று நாம் ஓரளவு கண்ணால் பார்க்க முடிகிறது என்றால் அதற்கு இந்தக் கேலிப் படமும் ஒரு காரணம். அடுத்த விடுமுறையில் இது மறுபடி ஒளிபரப்பானால் பிள்ளைகளையும் கூட்டி வைத்து, தொடக்கத்திலிருந்தே பாருங்கள். தாமதமாக வந்தால் கேட் காட்சி போய்விடும்.