மீதியான துணிக்கைகளும் மருத்துவமனை ஸ்டோர் ரூமும்



சென்னையிலிருந்து விழுப்புரம் வருகிறவர்கள் விக்கிரவாண்டியைத் தாண்டியதும் முண்டியம்பாக்கத்தைக் கடக்கிறார்கள். 2010ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. ராஜஸ்ரீ சர்க்கரை ஆலையும் அங்கேதான். அரவைக் காலத்தில் கரும்பு லாரிகளும் டிராக்டர்களும் வரிசையாக நிற்கும். பாகு காய்ச்சும் வாசனை தூரத்திலேயே வரும். மருத்துவமனைச் செய்தி மடலில் கரும்பாலை எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

ஒரு டன் கரும்பை அரைத்தால் சுமார் 300 கிலோ சக்கை மிஞ்சும். கரும்பாலைகள் அதை எறிவதில்லை. கொதிகலனில் எரித்து ஆலையை ஓட்டுகிறார்கள். பல ஆலைகள் மிஞ்சும் மின்சாரத்தை வெளியேயும் விற்கின்றன. சாற்றை வடிகட்டும்போது தங்கும் ஆலைச் சேறு, எருவாகி மறுபடியும் கரும்புத் தோட்டத்துக்கே போகிறது. சர்க்கரை எடுத்தபின் நிற்கும் கழிவுப்பாகு வடிசாலைக்குப் போய்ச் சாராயமாகிறது. நம் டிரெஸ்ஸிங் அறையில் நர்ஸ் பஞ்சில் நனைத்து ஊசி போடும் இடத்தைத் துடைக்கிறாரே, அந்த ஸ்பிரிட்டும் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். ஒன்றின் கழிவு இன்னொன்றின் கச்சாப் பொருளாகிறது. இதற்கு இன்று "சுழற்சிப் பொருளாதாரம்" என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். ஐயாயிரம் பேர் சாப்பிட்டு முடித்தபின் மீதியான துணிக்கைகளைச் சேர்க்கும்படி ஆண்டவர் சொன்னதையும், பன்னிரண்டு கூடை நிறைந்ததையும் யோவான் 6ஆம் அதிகாரத்தில் வாசித்திருக்கிற நமக்கு அந்தப் பெயர்தான் புதிது.

மிஷன் மருத்துவமனைகளுக்கு இது பழகிய காரியம். பணம் குறைவாக இருந்ததால் பழகியது என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணிகள் சலவைக்குப் போய், ஆட்டோகிளேவில் நீராவியில் வெந்து, மறுநாள் திரும்பிவரும். பெட்ஷீட் நடுவில் கிழிந்தால் இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைப்பார்கள். இன்னும் கிழிந்தால் பிறந்த குழந்தையைச் சுற்றும் துணியாகும். அதற்கும் ஆகாதபோது தரை துடைக்கப் போகும். சபைகளின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து பாண்டேஜ் சுருட்டி அனுப்பிய காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எக்ஸ்ரே ஃபிலிம் கழுவும் ஃபிக்ஸர் கரைசலில் கரைந்திருக்கும் வெள்ளியையும் பிரித்தெடுத்து விற்றார்கள். டிஜிட்டல் எக்ஸ்ரே வந்தபின் அது பெரும்பாலும் நின்றுபோனது. ஆனால் ஆக்ஸிஜன் சிலிண்டர் இன்றைக்கும் காலியாகப் போய் நிரம்பி வருகிறது. அதை ஒருவரும் புதுமை என்று சொல்வதில்லை!

இவற்றில் நான் அதிகம் வியப்பது வேலூர்ப் பக்கத்துக் காரியம். டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளியின் பாதத்தில் புண் வருவது சதை தானாக அழுகுவதால் அல்ல, உணர்ச்சி இல்லாத காலை அவர் அறியாமலே காயப்படுத்திக்கொள்வதால்தான் என்பதை அவரும் அவரோடு உழைத்தவர்களும் எடுத்துக்காட்டினார்கள். அப்படியானால் மருந்தைவிட முதலில் வேண்டியது செருப்பு. சாதாரணச் செருப்பின் ஆணி உள்ளே குத்தினாலும் அவருக்குத் தெரியாது. ஆகவே ஆணியில்லாமல், பாதம் பதியும் இடத்தில் எம்.சி.ஆர். என்னும் மிருதுவான நுண்துளை ரப்பரை வைத்துச் செய்தார்கள். தரையில் படும் அடிப்பாகத்துக்குத் தேய்ந்த வண்டி டயர் போதுமானதாக இருந்தது. லாரிக்கு உதவாத டயர் ஒரு மனிதனின் காலைக் காப்பாற்றியது. 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்திலும் செருப்புப் பட்டறை சிகிச்சையின் ஒரு பகுதியே. அதே கரிகிரியின் வறண்ட கற்பாங்கான நிலத்தில் டாக்டர் எர்னஸ்ட் ஃபிரிட்சி மழைநீரைத் தடுத்து நிறுத்தி, மரங்களை நட்டுச் சோலையாக்கினார்.

ஆனால் எல்லாவற்றையும் சுழற்றிவிட முடியாது. இதை நம் ஆதரவாளர்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். குஜராத்தின் மொடாசா என்னும் ஊரில் 2009ஆம் ஆண்டு, ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சை மற்றவருக்கும் போட்டதனால் ஹெபடைட்டிஸ் பி பரவிப் பலர் மாண்டுபோனார்கள். சிக்கனம் என்ற பெயரில் செய்யப்படும் கொலை அது. ஊசி, இரத்தம் பட்ட பஞ்சு, டியூப் ஆகியவை காயலான் கடைக்குப் போகவே கூடாது.

மருத்துவக் கழிவுக்கு 1998இல் இந்திய அரசு விதிகள் செய்தது. 2016இல் புதிய விதிகள் வந்தன. அதன்படி இரத்தம், சீழ் பட்டவை மஞ்சள் பையில். சலைன் குழாய், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்சு முதலிய பிளாஸ்டிக் சிவப்புப் பையில். ஊசியும் பிளேடும் குத்திக் கிழிக்க முடியாத வெள்ளைப் பெட்டியில். கண்ணாடி நீலப் பெட்டியில். சிவப்புப் பை பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நீராவியில் கிருமி நீக்கப்பட்டு, துண்டு துண்டாக நறுக்கப்பட்டு, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் போகிறது. சுழற்சி இங்கேயும் உண்டு. ஆனால் அது நம் கையால் செய்வதல்ல.

மருத்துவமனைக் கழிவில் 100க்கு 85 பங்கு வீட்டுக் குப்பையைப் போன்றதே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. அட்டைப்பெட்டி, காகிதம், சமையலறைக் காய்கறித் தோல். இரத்தம் பட்ட ஒரு பஞ்சு அதில் விழுந்துவிட்டால் கூடை முழுவதும் மஞ்சள் பைக்குப் போகவேண்டும். அதற்குக் கிலோக் கணக்கில் பணம் கட்டுவது மருத்துவமனை, அதாவது நீங்கள். வார்டு ஆயாவுக்கு நிறங்களைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பது உங்கள் காணிக்கையைக் காப்பாற்றுகிற வேலை.

குப்பைக் கூடையைவிட முக்கியமானது வாங்கும் மேஜை. சுழற்சியை நடத்துகிறவர் ஸ்டோர் கீப்பர்தான் என்பது என் எண்ணம். பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, துவைத்து உபயோகிக்கும் கவுன் இருக்கிறதா, சிறிய பேக்கிங் கிடைக்குமா என்று ஆர்டர் எழுதுமுன் அவர் கேட்டால் பாதிக் குப்பை உள்ளேயே வராது. கொரோனாக் காலத்தில் ஒருமுறை அணிந்து எறியும் உடைகள் மலையாகக் குவிந்தன. அன்று வேறு வழியில்லை. ஆனால் அந்தப் பழக்கம் பல இடங்களில் தேவையில்லாமல் தங்கிவிட்டது.

மருந்தில் இதைத் தமிழ்நாடு நன்றாகவே செய்து காட்டியிருக்கிறது. 1994இல் உருவாக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனை ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தது. அதில் எழுதிய தொகைக்குள், வேண்டிய மருந்தை வேண்டிய அளவு மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரே மருந்து ஓர் ஊரில் தேங்கிக் காலாவதியாக, அடுத்த ஊரில் இல்லாமல் நோயாளி திரும்பிப்போகும் நிலை பெருமளவு குறைந்தது. நம்மைப்போன்ற சிறிய மருத்துவமனையும் கற்றுக்கொள்ளக்கூடிய முறை இது. முதலில் காலாவதியாகும் அட்டை அலமாரியின் முன்வரிசையில் நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

இனி கொஞ்சம் கூச்சத்தோடு ஒரு விஷயம். அன்போடு அனுப்பப்படும் பெட்டிகளில் பாதி தின்ற மாத்திரை அட்டைகளும், இரண்டு மாதத்தில் காலாவதியாகும் டானிக்கும் வருகின்றன. 1992 முதல் 1996 வரை போஸ்னியப் போரின்போது உலகமெங்கும் இருந்து வந்த உதவியில் சுமார் 17,000 டன் மருந்து உபயோகிக்கத் தகாதது என்று கணக்கிட்டார்கள். அதை அழிக்கவே பெரும் பணம் வேண்டியிருந்தது. 1996இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தானமாக வரும் மருந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மீதியிருக்கவேண்டும். மற்றவருக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்தும் ஆகாது. அதை வாங்கி மஞ்சள் பையில் போட்டு எரிப்பதற்கும் நாங்களே பணம் கட்டுகிறோம். அனுப்பினவர்களின் மனது நோகுமே என்று இதுவரை சொல்லாமல் இருந்தது எங்கள் தவறு.

மருந்துக்குப் பதிலாக எதை அனுப்பலாம் என்று கேட்பவர்களுக்கு: சுத்தமாகத் துவைத்த பருத்தி வேட்டி, புடவை, பெட்ஷீட் எவ்வளவு வந்தாலும் ஸ்தோத்திரத்தோடு வாங்கிக்கொள்வோம். நைலான், பாலியெஸ்டர் வேண்டாம்.  பிளாஸ்டிக் உறையைத் தவிர்த்து மஞ்சப்பையிலோ பழைய அட்டைப்பெட்டியிலோ கட்டி அனுப்புங்கள். பெட்டியின்மேல் உள்ளே இருப்பது என்ன என்று எழுதிவிட்டால் தையல் அறைச் சகோதரிக்கு ஒரு காலை வேளை மிச்சமாகும்.