வேலை தேடுகிறீர்களா? முதலில் ஒரு கதை எழுதுங்கள்!

"அடுத்து என்ன படிப்பது? என்ன வேலைக்குப் போவது?"

பள்ளிப் படிப்பு முடிந்ததும் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி இது. அப்பா ஒன்று சொல்வார். மாமா வேறொன்று சொல்வார். பிள்ளையைக் கேட்டால், "தெரியவில்லை" என்று பதில் வரும்.

வாயால் சொல்ல முடியாததைப் பேனா சொல்லிவிடும்!

வேலை இழந்தவர்கள்

அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி, பல என்ஜினீயர்களை வேலையில் இருந்து நீக்கியது. நெடுங்காலம் உழைத்தவர்கள். அவர்களுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

அவர்களில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு, மனநூல் பேராசிரியர் பென்னபேக்கரும் மற்றும் சிலரும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவினர் வேலை போன துக்கத்தை மனம்விட்டு எழுதினார்கள். தினம் 20 நிமிடம். 5 நாள். இன்னொரு பிரிவினர் அன்றாட வேலைத் திட்டத்தை எழுதினார்கள். மூன்றாவது பிரிவினர் எதுவுமே எழுதவில்லை.

8 மாதம் சென்றது. மனம்விட்டு எழுதியவர்களில் பாதிப்பேருக்கு மேல் முழுநேர வேலை கிடைத்துவிட்டது! மற்றவர்களில் நாலில் ஒருவருக்குக்கூடக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் எல்லோரும் ஏறத்தாழ ஒரே அளவு பேட்டிகளுக்குத்தான் போனார்கள். 1994-ம் ஆண்டில் இந்த முடிவு வெளியானது.

ஆத்திரத்தைத் தாளில் இறக்கி வைத்தவர்கள், பேட்டியில் அமைதியாகப் பேசியிருப்பார்கள் என்று கருதப்படுகிறது.

இரண்டு கதைகள்

நெதர்லாந்து அறிஞர் பிரான்ஸ் மெயர்சும், கனடாவில் கற்பிக்கும் எழுத்தாளர் ரெய்னெக்கே லெங்கெலும் இதை ஒரு பயிற்சியாகவே வகுத்தனர். மாணவர்கள் கதை எழுதலாம்; கவிதை எழுதலாம்; தன்னோடு தானே பேசுவது போலவும் எழுதலாம்.

முதலில் வருவது துன்பக் கதை. எழுத எழுத, அதில் இருந்து இரண்டாவது கதை பிறக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

ஓர் உதாரணம்: "பரீட்சையில் தோற்றேன். நான் எதற்கும் உதவாதவன்" என்று ஒருவன் எழுதுகிறான். அதையே வேறொரு பையனின் கதையாக எழுதச் சொல்லுங்கள். கதையில் அந்தப் பையன் அடுத்த வீட்டு மின்விசிறியைச் சரிசெய்வான்! "எனக்குக் கைத்தொழில் வரும்" என்பது அப்போது புலப்படும்.

பெற்றோர்களே!

எழுத்து வேலை வாங்கித் தராது. பாதையைக் காட்டும். எழுத எழுதத் துக்கம் கூடினால், நிறுத்திவிட்டு நம்பிக்கையானவரிடம் பேச வேண்டும்.

மகனுக்கோ மகளுக்கோ ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒளிந்து படிக்காதீர்கள். அவர்களாகக் காட்டினால் படியுங்கள். பிழை திருத்தாதீர்கள். "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று மட்டும் கேளுங்கள்.