ஜாக்கி நுழையாத கார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருத் தம்பி ஒருவர் தன் காரின் முன்பக்கத்தைத் தூக்கப் போராடிக்கொண்டிருந்தார். ஸ்பிரிங் மாற்றித் தரையோடு தாழ்த்திய ஹேட்ச்பேக் அது. ஆன்லைனில் வாங்கிய டிராலி ஜாக்கியின் தலை அடியில் நுழையவே இல்லை. ஸ்கேல் வைத்து அளந்தோம். தரைக்கும் ஜாக்கி வைக்கும் இடத்துக்கும் நடுவே 118 மி.மீ. ஜாக்கியை முழுதாக இறக்கினாலும் அதன் தலை 140 மி.மீ. உயரத்தில் நின்றது. "மேலே இருக்கிற கிண்ணத்தைக் கழற்றிட்டா நுழைஞ்சிடும்ணே" என்று ஸ்பேனரை எடுத்தார். கையைப் பிடித்துத் தடுத்தேன். காரை நழுவவிடாமல் ஏந்துவதே அந்தக் கிண்ணம்தான்.

ஜாக்கி வாங்கும்போது எத்தனை டன் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். சாதாரண ஹேட்ச்பேக், செடான் வண்டிகளை ஒரு முனையாகத்தான் தூக்குகிறோம். 2 டன் ஜாக்கி போதும். தாழ்த்திய காருக்குக் கேட்க வேண்டியது வேறு: முழுதாக இறக்கினால் தலை எவ்வளவு உயரத்தில் நிற்கும்? சாதாரண டிராலி ஜாக்கி பலவற்றில் இது 130, 140 மி.மீ. இருக்கும். 'லோ புரொஃபைல்' வகையில் 75 முதல் 90 மி.மீ. வரை. உங்கள் காரை அளக்கும்போது டயரில் காற்று இருக்கும். ஜாக்கி தேவைப்படும் நாளில் அந்த டயர் பஞ்சராகி, வண்டி இன்னும் சில விரல்கடை இறங்கியிருக்கும். அதையும் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

தலை தாழ்வாக இருந்தால் மட்டும் போதாது. சில ஜாக்கிகளில் தலைக்குப் பின்னால் உடல் சட்டென்று உயர்ந்துவிடும். முன்பக்க நடுச்சட்டத்தைத் தேடி உள்ளே தள்ளினால் பம்பரில் இடித்து நின்றுவிடும். கை நீளமான ஜாக்கிதான் அங்கே எட்டும். அதோடு, முழுதாக ஏற்றினால் எவ்வளவு உயரம் போகும் என்றும் பாருங்கள். தூக்கிய காரைத் தாங்க உங்களிடம் உள்ள ஸ்டாண்ட் அடியில் நுழையும் அளவுக்காவது கார் எழ வேண்டும்.

ஜாக்கியின் தலை நேராக மேலே ஏறுவதில்லை, வில்போல வளைந்து ஏறுகிறது. அதனால் கார் உயர உயர ஜாக்கி தன் சக்கரத்தில் கொஞ்சம் உருண்டு வர வேண்டும். மண் தரையில், இன்டர்லாக் கல்லின் இடுக்கில் சக்கரம் மாட்டிக்கொண்டால் ஜாக்கி நகராது. தலை காரடியில் இழுபட்டு வழுக்கும். சமமான சிமென்ட் தரையில் மட்டும் தூக்குங்கள். தூக்காத முனையின் டயர்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இருக்கிற ஜாக்கி கொஞ்சம்தான் இடிக்கிறது என்றால், 40 மி.மீ. கனத்தில் அகலமான மரப்பலகை இரண்டின் மேல் முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்தினாலே நுழைந்துவிடும்.

ஜாக்கிக்குள் காரைத் தாங்கி நிற்பது எண்ணெயும் சிறு ரப்பர் சீலும்தான். சீல் கசிந்தாலோ வால்வில் தூசி அடைத்தாலோ சத்தமில்லாமல் இறங்கும். ஸ்டாண்ட் வைக்காமல் காரடியில் கையைக்கூட நீட்டாதீர்கள். ஸ்டாண்டும் தரமானதாக இருக்க வேண்டும். 2020-ல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெய்ட் நிறுவனம் தான் விற்ற ஸ்டாண்டுகளின் பல்பூட்டு நழுவும் அபாயம் இருப்பதாகத் திரும்பப் பெற்றது. மாற்றாகக் கொடுத்தவற்றிலும் சிலவற்றை வெல்டிங் குறையால் அதே ஆண்டில் மறுபடி திரும்பப் பெற வேண்டிவந்தது.

குறையுள்ள ஜாக்கியால் காயமோ சேதமோ ஏற்பட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி தயாரித்தவரிடம் இழப்பீடு கேட்கலாம்; சட்டம் சொல்லும் சில சூழல்களில் விற்றவரிடமும் கேட்கலாம். ஆனால் விபத்தின்போது பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்றவர்மீது அந்த வழக்குத் தொடர முடியாது என்கிறது 87-வது பிரிவு. கிண்ணத்தைக் கழற்றியிருந்தால் தம்பி அங்கேயே மாட்டிக்கொண்டிருப்பார். விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால், ஆன்லைன் விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். புகார் நகரவில்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

இன்னொன்று, காரைத் தாழ்த்தியதையே சட்டம் கேள்வி கேட்கலாம். அனுமதியில்லாத வகையில் பாகம் மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 182-ஏ பிரிவில் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. ஸ்பிரிங்கில் கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

தம்பி முதலில் ஜாக்கி வாங்கிய இணையப் பக்கத்தில் குறைந்த உயரம் 85 மி.மீ. என்றே போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். ஜாக்கியின் பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி ஒரு படமும் எடுத்து, பில்லோடு சேர்த்து அனுப்பினார். பணம் திரும்பி வந்தது. இப்போது வைத்திருப்பது 80 மி.மீ. ஜாக்கி. போன வாரம் பார்த்தேன்: தூக்கி, இரண்டு ஸ்டாண்ட் கொடுத்து, பம்பரில் கை வைத்து ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுத்தார்.