வாசலில் எடுத்தால் சமூக சேவை, லாரியில் எடுத்தால் ஏழு ஆண்டு: செலவு யார் தலையில்?

சங்ககிரியில் லாரித் தொழிலைத் தொடாத குடும்பம் குறைவு. ஓட்டுநர், கிளீனர், பட்டறைத் தொழிலாளி, பார்சல் ஷெட் சுமைக்காரர் என்று நம் ஜமாஅத்தார் பலரின் பிழைப்பும் அதில்தான் ஓடுகிறது. ஆகவே, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் உள்ள ஒரு மாற்றத்தை நாம் அறிந்து வைத்திருப்பது அவசியம்.

ஒரு வாலிபன் 2,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு பார்சலைத் திருடிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு வீட்டு வாசலில் இருந்து எடுத்திருந்தால் 303ஆம் பிரிவு. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, இது முதல் குற்றம், பொருளையும் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் தண்டனை சமூக சேவைதான். அதே பார்சலைச் சரக்கு லாரியில் இருந்து எடுத்திருந்தால் 305ஆம் பிரிவு. ஏழு ஆண்டு வரை சிறை, அபராதம். மதிப்பு வரம்பு இல்லை, சமூக சேவையும் இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் லாரிச் சரக்குத் திருட்டு 379ஆம் பிரிவில் அடங்கியது. அதில் உச்சம் மூன்று ஆண்டு.

"நீதிபதி ஏழு ஆண்டும் கொடுத்துவிடப் போகிறாரா?" என்று கேட்கலாம். கொடுக்காமல் இருக்கலாம். ஆனால் உச்ச தண்டனை, தீர்ப்புக்கு முன்பே வேலை செய்கிறது. முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாத, வேறு வழக்கும் இல்லாத விசாரணைக் கைதி, உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் அவரைப் பிணையில் விட வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு. உச்சம் மூன்று ஆண்டு என்றால் அந்தக் காலம் ஓராண்டு. ஏழு ஆண்டு என்றால் இரண்டு ஆண்டு நான்கு மாதம். வசதியுள்ளவர் அதற்கு முன்பே பிணையில் வந்துவிடுவார். ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழைதான் காத்துக் கிடப்பார்.

இப்படிக் காத்திருப்பவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்கு! நூறு பேருக்கான இடத்தில் 131 பேர். இவர்களின் சாப்பாடு, காவல், மருத்துவம், நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லும் செலவு எல்லாம் மக்கள் வரிப்பணம். சம்பாதிக்கும் பிள்ளை உள்ளே இருக்க, வெளியே குடும்பம் வட்டிக் கடனில் மூழ்குவது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இந்தச் செலவால் திருட்டாவது குறையுமா? 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வீட்டுக்குள் புகுந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு. ஜூரிகள் என்ன செய்தார்கள்? மனம் பொறுக்காமல், பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று எழுதினார்கள். தண்டனை அளவு மீறினால் சட்டமே வளைந்துபோகும். 'பிடிபடுவோம்' என்ற உறுதியே திருடனைத் தடுக்கிறது, தண்டனையின் நீளம் அவ்வளவாகத் தடுப்பதில்லை என்பதே குற்றவியல் ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. ஷெட்டில் கேமரா, லாரி நிற்குமிடத்தில் வெளிச்சம், சீல் வைத்த கதவு, ஏற்றி இறக்கும்போது சரியான கணக்கு, விரைவான விசாரணை ஆகியவற்றுக்குச் செலவிடும் பணம் வீண் போகாது.

திருட்டு ஹராம் என்பதில் இரு கருத்து இல்லை. ஆனாலும் கடும் தண்டனைக்கு முன் பொருளின் மதிப்பைப் பார்ப்பது நம் ஃபிக்ஹிலும் உண்டு. ஹனஃபி மத்ஹபில் பத்து திர்ஹம், ஷாஃபி மத்ஹபில் கால் தீனார் என்று வரம்பு வைத்தார்கள். 303இல் உள்ள 5,000 ரூபாய் வரம்பை 305இன் லாரிச் சரக்குக்கும் நீட்டிக்கும்படி நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்பது நியாயமான கோரிக்கையே.

பெற்றோர்களே, லாரி வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் இந்த ஏழு ஆண்டைப் பற்றி இன்றே பேசுங்கள். யாராவது கைதாகிவிட்டால் இடைத்தரகர்களிடம் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள். காவலில் உள்ள எவருக்கும் இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100.