மூன்றாவது ‘டக்’

அமெரிக்காவில் பழைய பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களில் பலர், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கெட்டுப்போனால் வீட்டு ஷெட்டிலேயே கழற்றி மாற்றிவிடுகிறார்கள். ஷெவ்ரலே சில்வராடோவில் 1999 முதல் வந்த 4எல்60-இ கியர்பாக்ஸ் ஆயில் இல்லாமலே சுமார் 70 கிலோ இருக்கும். அதனால் முதலில் மலைக்க வைப்பது பளுதான். ஆனால் பளுவைத் தாங்க ஜாக்கி இருக்கிறது. மாற்றிப் போட்ட கியர்பாக்ஸ் சில நாளிலேயே பாழாவதற்குக் காரணம் பெரும்பாலும் பளு அல்ல. கண்ணில் படாத இரண்டு இடங்களில் காட்டும் அவசரம்.

முதல் இடம் டார்க் கன்வர்ட்டர். கிளட்ச் மிதி இல்லாத வண்டியில் எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது ஆயில் நிறைந்த இந்த உருண்டைக் கூடுதான். ஒரு பக்கத்து இறக்கைகள் வீசும் ஆயில் எதிர்ப்பக்கத்து இறக்கைகளைச் சுழற்றுகிறது; திரும்பி வரும் ஆயிலை நடுவிலுள்ள ஸ்டேட்டர் நெறிப்படுத்துகிறது. கன்வர்ட்டரைக் கியர்பாக்ஸில் செருகும்போது உள் தண்டு, ஸ்டேட்டர் தண்டு, ஆயில் பம்ப் மூன்றிலும் அது பொருந்தியாக வேண்டும். மெல்லச் சுழற்றி அழுத்தினால் ஒவ்வொன்றாக ‘டக்’கென்று உள்ளே இறங்கும். மூன்றாவது இறங்காவிட்டால் கியர்பாக்ஸ் எஞ்சினோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்கும். அதை போல்ட்டை முறுக்கி மூடப் பார்ப்பவர் தம் கையாலேயே பம்பை உடைக்கிறார். போல்ட் இழுக்காமலே இரண்டும் ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகும் கன்வர்ட்டர் கையால் சுழல வேண்டும். இரண்டாவது இடம், ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் குளிர்விப்பான். பழைய கியர்பாக்ஸ் தேய்ந்து உதிர்த்த உலோகத் துகள்கள் அங்கே தங்கியிருக்கும். அதைக் கழுவாமலோ மாற்றாமலோ விட்டால், பழைய நோய் புதிய உடலுக்குள் முதல் நாளே புகுந்துவிடும்.

இவ்வளவு நுணுக்கம் வேண்டுமென்றால் பட்டறைக்கே கொண்டுபோகலாமே என்று கேட்கலாம். கணினி வழியே மென்பொருள் ஏற்ற வேண்டிய புதிய கியர்பாக்ஸ்களுக்கு அந்தக் கேள்வி நியாயமானது. 4எல்60-இ போன்றவற்றுக்கு அப்படியல்ல. மேலே சொன்ன சோதனைகளுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, கையும் காதும் போதும். உயிருக்கு ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுப்பது. சமதரையும் உறுதியான ஸ்டாண்டுகளும் இல்லாதவர் இந்த வேலையில் இறங்கவே கூடாது. அவை இருந்தால், மூன்றாவது ‘டக்’ கேட்கும்வரை போல்ட்டைத் தொடாதீர்கள்.