ஏற மறுக்கும் மிளகுக்கொடி

“நர்சரியில் ‘புதர் மிளகு’ என்று ஒரு தொட்டிச் செடி விற்கிறார்கள். மிளகு கொடியாயிற்றே, இது எப்படிப் புதராக நிற்கிறது? மரபணு மாற்றிய பயிரா? புதிய குட்டை ரகமா?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டும் இல்லை. கரிமுண்டா, பன்னியூர்-1 என எந்த ரகத்திலும் புதர் மிளகு உண்டாக்கலாம். மரபணுவில் யாரும் கை வைக்கவில்லை. குச்சி வெட்டும் இடத்தை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் கொடியைக் கிட்டப்போய்ப் பாருங்கள். மேலேறும் தண்டின் கணுக்களில் பழுப்பு நிறப் பற்றுவேர்கள் மரப்பட்டையைக் கவ்வியிருக்கும். அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கிளைகளில் பற்றுவேர் கிடையாது. ஆனால் இலைக்கு எதிர்ப்புறமாகப் பூச்சரம் இறங்குவது அங்கேதான். மூன்றாவது வகை, கொடியின் அடியில் கிளம்பித் தரையில் ஓடும் ஓடுகொடி. விவசாயிகள் பிப்ரவரி, மார்ச்சில் இதைத்தான் இரண்டு மூன்று கணுக்களாக நறுக்கி நாற்று விடுவார்கள். அது மரமேறிக் காய்க்க மூன்று நான்கு வருடமாகும். ஓடுகொடியை விட்டுவிட்டு, காய்க்கும் பக்கக்கிளையை நறுக்கி வேர்விட வைத்தால் புதர் மிளகு. ஓரிரு வருடத்திலேயே சரம் விடும்.

வியப்பு இங்கேதான். தாய்க்கொடியை விட்டுப் பிரிந்து, சொந்த வேர் விட்டுத் தனிச்செடியான பிறகும், அந்தக் கிளை தன் பழைய வேலையை மறப்பதில்லை. பக்கத்தில் கம்பு நட்டுவைத்தாலும் ஏறாது.

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தல்காரர் உயரம் ஏறுகிறார், சமையல்காரர் அடுப்படியில் நிற்கிறார், இன்னொருவர் அடுத்த மண்டபம் பார்க்கப் போயிருக்கிறார். சமையல்காரரை மட்டும் தனியே கூட்டிவந்து ஒரு வெற்றிடத்தில் விடுங்கள். ஏணி கொடுத்தாலும் பந்தல் போட மாட்டார், அடுப்பைத்தான் மூட்டுவார். பந்தல் இல்லாததால் பந்தி சிறிதாக இருக்கும், ஆனால் சாப்பாடு சீக்கிரம் வந்துவிடும்.

எல்லாத் தண்டுக்கும் மரபணு ஒன்றே. எது விழித்திருக்கிறது, எது உறங்குகிறது என்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. செல் பிரியும்போது அந்த நிலையும் அடுத்த செல்லுக்குக் கைமாறுகிறது. காப்பித் தோட்டக்காரர்களுக்கு இது பழகிய சங்கதி: நிமிர்ந்த குருத்தை வெட்டி நட்டால்தான் செடி நிமிரும், பக்கக்கிளையை நட்டால் படரும்.

மிளகுக்காக ரோமாபுரிக் கப்பல் முசிறிக்கு வந்ததும், 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்ததும் பலமுறை சொல்லியாகிவிட்டது. அந்தச் சரித்திரமெல்லாம் மணியைப் பற்றியது. கொடியின் கதை அதைவிடச் சுவையானது.

‘ஒரு தொட்டி போதும், ஆயுளுக்கும் மிளகு வாங்க வேண்டாம்’ என்ற விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் சுமார் ஒரு கிலோதான் தேறும். தொட்டிச் செடி தருவது ரசத்துக்கும் ஊறுகாய்க்கும் சில கைப்பிடி. பக்கக்கிளை எளிதில் வேர் விடாததால், பிரேசில் திப்பிலியின் தண்டில் ஒட்டுக் கட்டியும் விற்கிறார்கள். அந்த வேர், மிளகின் பெரும் எதிரியான வாடல் நோயைத் தாங்கும். ஆனால் சில வருடங்களில் ஒட்டு விட்டுப்போவதும் உண்டு.

வாங்கும்முன் கணுக்களைப் பாருங்கள். தண்டில் பற்றுவேர் இருந்தால், அது மரம் கேட்கும் கொடி. புதர் மிளகென்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். வீட்டில் பலாவோ தென்னையோ இருந்தால் தொட்டியை மறந்துவிட்டு, அதன் அடியில் ஓடுகொடி நாற்றையே நடுங்கள். பொறுத்திருப்பவருக்குக் கொடிதான் அதிகம் தரும்.