புகட்டுவோர்க்கு வேண்டும் பொறுமை

கணக்கும் இலக்கணமும் கற்பிப்பதற்கே பொறுமை வேண்டும். சமய நம்பிக்கையைப் புதியவர்க்குக் கற்பிப்பதற்கோ அதனினும் பன்மடங்கு பொறுமை வேண்டும். கணக்கில் விடை தவறாயின் உடனே திருத்திவிடலாம். நம்பிக்கையோ கேட்பவர் உள்ளத்தில் தானே முளைக்க வேண்டிய ஒன்று. அப்பொறுமையை ஆசிரியர் யாரிடம் கற்பது? சீகன்பால்கு என்பார் அதனைத் தமிழ்ச் சிறுவர்களிடையே அமர்ந்து கற்றார்.

1682ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்த இவர், டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கின் ஆதரவில், கிறிஸ்தவ சமயத்தைப் போதிக்க 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். போதிக்கும் ஆர்வம் மிகுதியாக இருந்தது. பேசுவதற்கு மொழி இல்லை. எனவே முதிய உபாத்தியாயர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைப் பயின்றார். போதிக்க வந்தவர் முதலில் மாணவரானார். புதிதாகக் கற்பவரின் தடுமாற்றத்தைத் தாமே அனுபவித்தவர், பிறர் தடுமாறும்போது சினங்கொள்வாரோ?

மொழி கைவந்த பின்னரும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்துப் படித்தார். சமயத்தையும் வாழ்க்கையையும் பற்றித் தமிழ் மக்களிடம் வினவி, 1712 முதல் அவர்கள் எழுதிய விடைக் கடிதங்களை மொழிபெயர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவர்கள் கொள்கைகள் பலவற்றை அவர் ஏற்கவில்லை, வெளிப்படையாகவே மறுத்தார். ஆயினும் மறுப்பதற்கு முன் செவிசாய்த்தார். கேட்பவர் உள்ளம் வெற்றுப் பலகையன்று, முன்பே பல எழுதப்பெற்ற ஏடு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இப்பொறுமைக்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. தரங்கம்பாடியின் டேனிய ஆளுநரோடு பிணக்கு நேர்ந்து, 1708ஆம் ஆண்டின் இறுதியில் சிறைப்பட்டு நான்கு திங்கள் அளவும் அங்கிருந்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி முடித்த நூலை அவருடைய ஐரோப்பிய மேலோர் வரவேற்கவில்லை. அது முதன்முதல் அச்சேறியது 1867இல், சென்னையில். ஆசிரியரோ 1719ஆம் ஆண்டிலேயே, தம் 36ஆம் வயதில் மறைந்துவிட்டார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முற்றுப்பெற்றதை மட்டும் கண்ணாரக் கண்டார்.

எங்கள் பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதியில் வாணியாற்று அணையின் மதகைத் திறந்தவுடனே கடைமடை வயல் நனைந்துவிடுவதில்லை. வழியிலுள்ள வறண்ட மண் தனக்கு வேண்டியதைக் குடித்த பின்னரே நீர் மேலே நகரும். அதற்காக உழவர் மண்ணைக் கடிந்துகொள்வதில்லை. வாய்க்காலைச் செப்பனிட்டு வைக்கிறார்.

நாளை உங்களுள் சிலர் கோயிலிலோ, பள்ளிவாசலிலோ, தேவாலயத்திலோ இளையோர்க்குச் சமய பாடம் சொல்ல நேரலாம். அப்போது ஒரு சிறுவன் ஒரே வினாவை மூன்றாம் முறையும் கேட்டால் அவனை அடக்கிவிடாதீர்கள். அச்சத்தால் ஒப்புக்கொள்பவன் நம்பியவன் ஆகான், வாய்மூடியவனே ஆவான். வினாவை முழுதும் கேட்டு, அவன் அறிந்த சொற்களால் விடை கூறுங்கள். பொறுமை என்பது வாளாவிருத்தல் அன்று. பிறர் உள்ளத்தை அறிய இடைவிடாது முயல்வதே அது.